மேனேஜ்மென்ட் கேபிளைப் பிடுங்கினாலும் டேட்டா நிற்காது... தெரியுமா?

ஒரு வங்கியின் டேட்டா சென்டர். சர்வர்களுக்கும் டிஸ்க் அடுக்குகளுக்கும் நடுவே சேமிப்பக நெட்வொர்க்கின் சுவிட்ச் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மேனேஜ்மென்ட் போர்ட்டில் செருகியிருக்கும் ஒற்றை ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டால் என்ன நின்றுபோகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஒன்றுமே நிற்காது! ஏடிஎம்மில் பணம் எடுப்பவர் எடுத்துக்கொண்டே இருப்பார். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டே இருக்கும். ஃபைபர் கேபிள்களில் ஒளி வழக்கம்போலப் பாயும், ஒரு பைட் கூடத் தவறாது. ஆனால் அட்மினின் திரையில் மட்டும் அந்த சுவிட்ச் மறைந்துவிடும். சூடேறுகிறதா, மின்விசிறி நின்றுவிட்டதா, எந்த போர்ட்டில் பிழை குவிகிறது... எதையும் கேட்க முடியாது, அங்கிருந்து எந்தக் கட்டளையும் போய்ச் சேராது.

காரணம், அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் குடியிருக்கின்றன. ஒன்று டேட்டாவைச் சுமப்பது. அது ஃபைபர் சேனல் என்ற தனி மொழி பேசும், அதற்கு ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. இன்னொன்று, அந்தப் பெட்டியை ஆள்வதற்கான சின்னஞ்சிறு ஐபி நெட்வொர்க். உலகமே முதல் நெட்வொர்க்கின் வேகத்தைப் புகழ்ந்து பேசுகிறது. எனக்கு அதிக வியப்பு இரண்டாவதில்தான்!

எடுத்துக்காட்டாக சிஸ்கோவின் எம்டிஎஸ் 9000 குடும்பத்தைப் பார்ப்போம். ஆண்டியாமோ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய சுவிட்ச் இது. அந்த நிறுவனத்தை வாங்கப்போவதாக சிஸ்கோ 2002-இல் அறிவித்தது. இந்தக் குடும்பத்தின் பெரிய அண்ணன் எம்டிஎஸ் 9710-இல் ஒரே சேசிஸில் 384 ஃபைபர் சேனல் போர்ட்டுகள் வரை பொருத்தலாம். ஒவ்வொன்றும் 32 ஜிகாபிட் வேகத்தில் ஓடக்கூடியது. அடேயப்பா! இத்தனை பெரிய இயந்திரத்துக்கு முதல் கட்டளை எந்த வேகத்தில் போய்ச் சேர்கிறது தெரியுமா? விநாடிக்கு 9,600 பிட்! பெட்டியிலிருந்து எடுத்த புது சுவிட்சுக்கு ஐபி முகவரியே இருக்காது, அதனால் கன்சோல் போர்ட்டில் சீரியல் கேபிளைச் செருகித்தான் பேசத் தொடங்க வேண்டும். விநாடிக்குச் சுமார் 960 எழுத்துகள், அவ்வளவுதான். இந்த ஆர்எஸ்-232 இணைப்பு முறை பிறந்தது 1960-இல். நெட்வொர்க் எல்லாம் படுத்துவிட்ட நேரத்திலும் கைகொடுப்பது இந்தக் கிழட்டு கேபிள்தான்.

மின்சாரம் கொடுத்ததும் சுவிட்ச் வரிசையாகக் கேள்வி கேட்கும். அட்மின் பாஸ்வேர்டு என்ன, சுவிட்சின் பெயர் என்ன, மேனேஜ்மென்ட் முகவரி எது, சப்நெட் மாஸ்க் எது, கேட்வே எது என்று. நேரக் கணக்குக்கு எந்த சர்வர், தொலைவிலிருந்து உள்ளே வர டெல்நெட் வேண்டுமா, எஸ்எஸ்ஹெச் வேண்டுமா என்றும் கேட்கும். புரோகேட் நிறுவனத்தின் சுவிட்சுகளிலோ இன்னொரு வழக்கம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 10.77.77.77 என்ற முகவரியை அவை சுமந்து வந்தன. உலகெங்கும் ஆயிரம் டேட்டா சென்டர்களில் பெட்டி திறந்தாலும் அதே நான்கு எண்கள்! 1995-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான குமார் மாளவள்ளி இந்தியாவில் பிறந்தவர் என்பது கூடுதல் செய்தி.

சரி, டேட்டா ஓடும் பாதையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். அதைப் பார்த்தால்தான் இனி வரப்போவதன் அருமை புரியும். ஃபைபர் சேனலில் ஒரு முழு ஃபிரேம் என்பது 2,148 பைட். அது கேபிளில் எவ்வளவு நீளம் படுத்திருக்கும் தெரியுமா? கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 1 ஜிகாபிட் இணைப்பில் ஒரு ஃபிரேமை அனுப்பி முடிக்கச் சுமார் 20 மைக்ரோ விநாடி. கணக்குப் போட்டால், ஃபிரேமின் வால் சுவிட்சை விட்டுக் கிளம்பும்போது அதன் தலை 4 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்! அதே ஃபிரேம் 32 ஜிகாபிட் இணைப்பில் சுமார் 130 மீட்டராகச் சுருங்கிவிடும். ஒரே செய்தி, ஒரே அளவு. வேகம் கூடக்கூட நீளம் குறைகிறது.

அதைவிட அதிசயம், இந்தப் பாதையில் அனுப்புபவர் தன்னிஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. எதிர்முனையில் எத்தனை ஃபிரேமுக்கு இடம் காலியாக இருக்கிறதோ அத்தனைதான் போகலாம். ஒன்றை இறக்கி வைத்ததும் எதிர்முனை 'தயார்' என்று ஒரு குறி அனுப்பும், பிறகுதான் அடுத்தது. அதனால் நெரிசல் வந்ததும் ஃபிரேமை வீசி எறிவது இங்கே வழக்கமில்லை. சாதாரண ஐபி நெட்வொர்க்கில் நெரிசல் வந்தால் பாக்கெட்டைக் கைவிடுவது அன்றாட நடைமுறை. இப்படி இரண்டு வெவ்வேறு குணங்கள் ஒரே பெட்டிக்குள்!

இனிதான் உச்சம். ஒரு சேமிப்பக நெட்வொர்க்கில் இருபது சுவிட்ச் இருக்கிறது என்று வையுங்கள். இருபதுக்கும் தனித்தனியாக மேனேஜ்மென்ட் ஈதர்நெட் கேபிள் இழுத்தே ஆக வேண்டுமா? வேண்டாம்! ஃபைபர் சேனல் கேபிள்களின் மேலேயே ஐபி பாக்கெட்டுகளை ஏற்றி அனுப்பலாம். ஐபிஎஃப்சி என்று இதற்குப் பெயர். ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போக வேண்டிய கடிதத்தை அந்த ஊருக்குப் போகும் சரக்கு ரயிலிலேயே கொடுத்தனுப்புவதுபோல. ஒரே ஒரு சுவிட்சுக்கு மட்டும் ஈதர்நெட் கேபிள் கொடுத்தால் போதும், அது மற்றவற்றுக்கு நுழைவாயிலாக, கேட்வேயாக நிற்கும். இதற்கான பொது விதிமுறை 1999-லேயே ஆர்எஃப்சி 2625 என்ற ஆவணமாக வந்துவிட்டது.

ஒரு பாக்கெட்டின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம், வாருங்கள். அட்மினின் கணினி 192.168.10.5. கேட்வே சுவிட்சின் மேனேஜ்மென்ட் போர்ட் 192.168.10.20. சேமிப்பக நெட்வொர்க்கைப் பிரித்து உருவாக்கும் கற்பனைப் பகுதியை விசான் என்பார்கள். அதே சுவிட்சுக்குள் விசான் இன்டர்ஃபேஸ் என்று இன்னொரு கதவு உண்டு, அதன் முகவரி 10.1.1.1. ஃபைபர் பக்கம் தள்ளி இருக்கும் இரண்டாவது சுவிட்சின் விசான் இன்டர்ஃபேஸ் 10.1.1.2. பதில் வருகிறதா என்று பார்க்க, அட்மின் கணினியிலிருந்து இந்த 10.1.1.2-க்கு ஒரு பிங் அடிக்கிறார்.

முதல் தடை கணினியிலேயே. 10.1.1 என்று தொடங்கும் முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் 192.168.10.20-இடம் கொடு என்று ஒரு ரூட் எழுதிவைக்க வேண்டும். எழுதியாயிற்று. பாக்கெட் கேட்வே சுவிட்சுக்கு வந்து சேர்கிறது. அங்கே இரண்டாவது தடை, பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எம்டிஎஸ் சுவிட்சில் ஐபி ரூட்டிங் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும்! மேனேஜ்மென்ட் போர்ட்டுக்கும் விசானுக்கும் நடுவே எதுவும் கடக்காது, ஒரு விசானிலிருந்து இன்னொரு விசானுக்கும் கடக்காது. அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் யாரோ ஒருவர் சேமிப்பகத்தின் உள்ளறை வரை நடந்து வந்துவிடக் கூடாதல்லவா? மூடிய கதவை அட்மின் தெரிந்தே திறக்கட்டும் என்பது ஏற்பாடு. மிகச் சரியான முடிவு என்பேன். 'ஐபி ரூட்டிங்' என்ற ஒரே ஒரு கட்டளை அடித்ததும் கதவு திறக்கிறது.

பாக்கெட் 10.1.1.1 வழியாக வெளியேறி, ஃபைபர் சேனல் ஃபிரேமுக்குள் புகுந்து, 10.1.1.2-ஐ அடைந்தும் விடுகிறது. ஆனால் பிங்குக்குப் பதில் வரவில்லை! ஏன் தெரியுமா? போனது சரி, திரும்பும் வழி யாரும் சொல்லவில்லை. இரண்டாவது சுவிட்சுக்கு 192.168.10 என்ற ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அதற்கு 10.1.1.1-ஐ கேட்வேயாகச் சொல்லிக்கொடுத்த பிறகே பதில் வீடு திரும்பும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க அருமையான ஒரு வழி இருக்கிறது. கேட்வே சுவிட்சில் நின்று 10.1.1.2-க்கு பிங் அடியுங்கள். இருவரும் ஒரே சப்நெட் என்பதால் பதில் வந்துவிடும். கேட்வேயிலிருந்து பதில் வந்து கணினியிலிருந்து மட்டும் வராவிட்டால், ஃபைபர் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு ரூட்டிங்கில்தான்.

பிங் என்றதும் ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் ஒரே மாலைப்பொழுதில் எழுதிய நிரல் அது. இன்றும் நெட்வொர்க்கில் கோளாறு என்றதும் உலகம் முதலில் தட்டச்சு செய்வது அதைத்தான். ஐபி அறியாத ஃபைபர் சேனல் பக்கத்துக்கு எம்டிஎஸ்ஸில் எஃப்சி-பிங், எஃப்சி-டிரேஸ் என்று தனிக் கட்டளைகளே இருக்கின்றன.

சரக்கு ரயிலில் ஏறிய கடிதம் எந்தப் பெட்டியில் இறங்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? ஒரே சுவிட்சுக்கு அங்கே மூன்று அடையாளங்கள்! முதலாவது 32 பிட் ஐபி முகவரி. இரண்டாவது, தயாரிப்பிலேயே பொறிக்கப்பட்ட 64 பிட் உலகளாவிய பெயர். மூன்றாவது, நெட்வொர்க்கில் சேரும்போது கிடைக்கும் 24 பிட் போர்ட் எண். ஐபிஎஃப்சி முதலில் ஐபி முகவரியைக் கொடுத்து அந்த உலகளாவிய பெயருக்குள் பொதிந்திருக்கும் 48 பிட் ஈதர்நெட் பாணி முகவரியைக் கேட்டறிகிறது. பிறகு அதை வைத்து 24 பிட் எண்ணைப் பிடிக்கிறது. இரண்டு படி ஏறித்தான் முகவரி கிடைக்கிறது. அந்த 24 பிட்டில் முதல் 8 பிட் எந்த சுவிட்ச் என்பதைச் சொல்லும். அதிலும் 1 முதல் 239 வரைதான் சுவிட்சுகளுக்கு. ஆக ஒரு ஃபைபர் சேனல் நெட்வொர்க்கில் 239 சுவிட்சுகளுக்கு மேல் கோட்பாட்டளவிலும் முடியாது. கடைசி எண்கள் சில, நெட்வொர்க்கின் அதிகாரிகளுக்கு என ஒதுக்கப்பட்டவை. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பதில் சொல்லும் பெயர் சேவையின் முகவரி, பதினாறடிமான எண்ணில் ஐந்து எஃப்-உம் ஒரு சி-யும்!

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1,500 பைட்டைத் தாண்டாது. ஃபைபர் சேனலில் ஐபி ஏறும்போது விதிமுறை அனுமதிக்கும் அளவு 65,280 பைட்! ஒரே பாக்கெட் சுமார் 31 ஃபிரேம்களாகப் பிரிந்து, மறுமுனையில் ஒன்று சேரும்.

இந்த மேனேஜ்மென்ட் ஐபி நெட்வொர்க்கில் வழிகளை எல்லாம் மனிதர்தான் கையால் எழுதுகிறார். ஸ்டாட்டிக் ரூட் என்பார்கள். ஒன்று அறுந்தால் தானாக வேறு வழி தேடாது. அதே பெட்டியில் கீழ்த்தளத்தில் ஓடும் ஃபைபர் சேனலோ எஃப்எஸ்பிஎஃப் என்ற முறையில் தன் வழியைத் தானே கணக்கிடுகிறது. 1 ஜிகாபிட் இணைப்புக்குக் கட்டணம் 1,000, 2 ஜிகாபிட்டுக்கு 500, 4 ஜிகாபிட்டுக்கு 250 என்று வைத்துக்கொண்டு, மொத்தக் கட்டணம் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுக்கும். இப்படிக் குறுகிய பாதை கண்டுபிடிக்கும் கணக்கை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமோ பென்சிலோ இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் மனத்திலேயே போட்டார்! அச்சில் வந்தது 1959-இல்.

விசான் இன்டர்ஃபேஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. விசானை உருவாக்கிய பிறகுதான் அதற்கு இன்டர்ஃபேஸ் உருவாக்க முடியும். உருவாக்கியதும் அது உறங்கிக்கொண்டுதான் இருக்கும், தட்டி எழுப்பக் கட்டளை கொடுக்க வேண்டும். அந்த விசானை அழித்தால் இன்டர்ஃபேஸும் கூடவே அழியும். அதன் வழியாகத்தான் நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதைதான். அழிந்த விசானில் இருந்த ஃபைபர் போர்ட்டுகள் எங்கே போகும் தெரியுமா? 4094 என்ற தனிமை விசானுக்கு! யாரோடும் பேச முடியாமல் அங்கே ஒதுங்கி நிற்கும். மேனேஜ்மென்ட் போர்ட்டை அணைக்கச் சொன்னாலோ சுவிட்ச் உடனே கீழ்ப்படியாது. டெல்நெட் தொடர்புகள் எல்லாம் அறுந்துவிடும், தொடரட்டுமா என்று திருப்பிக் கேட்கும்.

கேட்வே சுவிட்சே செத்துவிட்டால்? அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 1998-இல் வெளிவந்த விஆர்ஆர்பி. இரண்டு கேட்வே சுவிட்சுகள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கற்பனை முகவரியைச் சுமக்கும். மற்ற சுவிட்சுகள் எல்லாம் அந்த முகவரியையே கேட்வேயாக நம்பி இருக்கும். தலைவராக இருப்பவர் விநாடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருப்பார். குரல் நின்றால், முன்னுரிமை எண் 100 உள்ள துணைவர் சுமார் 3.6 விநாடியில் பொறுப்பை ஏற்பார். இதில் என்னை அசரவைத்தது, தலைவர் தானாகவே பதவி விலகும் முறை. முன்னுரிமை 0 என்று போட்டு ஒரு கடைசிச் செய்தி அனுப்புவார். அதைக் கேட்டதும் துணைவர் அந்த மூன்று விநாடியைக்கூடக் காத்திருக்காமல், ஒரு விநாடிக்குள் எழுந்துவிடுவார்!

இன்னொரு நுட்பம். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒரு ரூட்டரைக் கடக்கும்போதெல்லாம் அது ஒன்று குறையும். விஆர்ஆர்பி செய்தி எப்போதும் 255 என்ற உச்ச எண்ணோடு கிளம்பும், 255 குறையாமல் வந்தால்தான் ஏற்கப்படும். ஒரே ஒரு ரூட்டரைத் தாண்டி வந்திருந்தாலும் எண் 254 ஆகியிருக்கும், உடனே தள்ளுபடி. எங்கோ தூரத்திலிருந்து ஒருவன் 'நான்தான் தலைவன்' என்று பொய்ச் செய்தி அனுப்ப முடியாது. ரகசியச் சொல் கூட இல்லாமல், ஒரு கழித்தல் கணக்கிலேயே எவ்வளவு பாதுகாப்பு!

பெரிய சுவிட்சுகளில் சூப்பர்வைசர் என்ற மூளை அட்டைகள் இரண்டு. ஆனால் எம்டிஎஸ்ஸில் மேனேஜ்மென்ட் முகவரி ஒன்றுதான். இயங்கும் அட்டை அதை வைத்திருக்கும், காத்திருக்கும் அட்டையின் போர்ட் ஊமையாக இருக்கும். முதலாவது விழுந்ததும் இரண்டாவது அதே முகவரியோடு எழுந்திருக்கும். இதன் பொருள் என்ன? இரண்டு அட்டைகளின் போர்ட்டிலும் கேபிள் செருகியிருக்க வேண்டும்! ஒன்றில் மட்டும் செருகிவிட்டு நிம்மதியாக இருந்தால், மாற்றம் நடந்த இரவில் டேட்டா ஓடிக்கொண்டிருக்க, சுவிட்ச் மட்டும் திரையிலிருந்து காணாமல் போகும்.

சிறு சேவைகளுக்கும் பெரிய கதைகள் உண்டு. எஸ்எஸ்ஹெச்சின் போர்ட் எண் ஏன் 22? ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடுபோனதைக் கண்டு, டாட்டு யிலோனென் 1995-இல் அதை எழுதினார். டெல்நெட்டையும் எஃப்டிபியையும் ஓரங்கட்டுவது அவர் எண்ணம். எஃப்டிபி 21, டெல்நெட் 23. நடுவே 22 காலியாக இருந்தது, கேட்டார், கிடைத்தது! சிஸ்கோவின் சிடிபி 60 விநாடிக்கு ஒரு முறை பக்கத்துச் சாதனங்களுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். 180 விநாடி சத்தமில்லாவிட்டால் பக்கத்துச் சாதனங்கள் அதை மறந்துவிடும்.

நேரம் காக்கும் என்டிபி, டேவிட் மில்ஸ் 1985-இல் தந்தது. அது 1-1-1900 முதல் விநாடிகளை எண்ணிக்கொண்டு வருகிறது. அதன் 32 பிட் கணக்கு 7-2-2036 அன்று நிரம்பி மீண்டும் 0-இல் தொடங்கும். இருபது சுவிட்சின் கடிகாரமும் ஒத்துப்போனால்தான் எது முதலில் விழுந்தது, எது அதன் விளைவாக விழுந்தது என்று லாக்கைப் படித்துச் சொல்ல முடியும். லாக் எழுதும் பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், நாள், மணி எல்லாம் உண்டு, ஆண்டு மட்டும் இல்லை என்பது தெரியுமா?

கடைசியாக ஒன்று, ஆனால் முதலில் நினைவில் வைக்க வேண்டியது. நீங்கள் அடித்த ரூட், கேட்வே, விஆர்ஆர்பி எல்லாம் அடித்த நொடியே வேலை செய்யத் தொடங்கும். ஆனால் அவை இருப்பது ஓடும் நினைவகத்தில் மட்டும். சுவிட்ச் ஒருமுறை மறுதொடக்கம் ஆனால் சேமிக்காத அத்தனையும் போய்விடும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சுவிட்ச், மின்தடைக்குப் பிறகு திடீரென்று வழி தெரியாமல் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே இந்தத் துறையில் இருக்கும் நண்பர்களே, நாளை வேலைக்குப் போனதும் காத்திருக்கும் சூப்பர்வைசரின் போர்ட்டில் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் பக்கம் தள்ளி இருக்கும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் திரும்பும் வழி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்ற அந்த ஒரு வரியை அடித்துவிட்டு எழுந்திருங்கள்.